பச்சை வாசனை போகும்வரை

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. உம்மாவின் வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது. கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். பெருநாள் கழித்துத்தான் கட்டைப் பிரிப்பார்களாம். மூத்தவள் ராத்தா மச்சானோடு ஹாங்காங்கில். வாப்பாவும் அங்கேதான், கடையில். ஆக, இந்த நோன்பு மாதத்து அடுப்படி முழுவதும் என் தலையில்.

வெறும் அடுப்படி என்றால் பரவாயில்லை. சென்னையில் ஒரு பழைய நூலகத்தில் அரபுத்தமிழ் நூல்களை வகைப்படுத்தும் வேலை கிடைத்திருக்கிறது. பெருநாள் முடிந்ததும் போய்ச் சேர வேண்டும். வாப்பா போனில் சொன்னது இது: "ஒரு நோன்பு மாசம் வீட்டை நடத்திக் காட்டு மவளே. தனியா இருந்து ஆக்கித் தின்னத் தெரிஞ்ச புள்ளைதான்னு ஒங்க பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும். அன்னைக்கே டிக்கெட் போடுறேன்."

நூலகத்தார் என்னிடம் மூன்று கேள்விதான் கேட்டார்கள். பெரியம்மா மாதம் முழுக்கக் கேட்பார்.

ஹவ்வா பெரியம்மா உம்மாவின் ராத்தா. எங்கள் ஊரில் வீடுகளுக்குப் பின்புறம் பெண்கள் மட்டும் நடக்கிற சந்து உண்டு, முடுக்கு என்போம். அந்த முடுக்கில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். பெரியப்பா மௌத்தாகித் தனியாளானதிலிருந்து எங்கள் வீட்டில்தான் நோன்பு திறப்பார். வழக்கமாக அத்தர் முன்னால் வரும், பெரியம்மா பின்னால் வருவார். இன்று பெரியம்மா மட்டும் வந்தார். துப்பட்டியில் அத்தர்க் கறை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

கஞ்சிக்கு உம்மா கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்தபடி செய்முறை சொன்னார்.

"இஞ்சி பூண்டு போட்டு, பச்சை வாசனை போறவரைக்கும் வதக்கு."

"எவ்வளவு நேரம்மா?"

"பச்சை வாசனை போறவரைக்கும்."

"அதான், எவ்வளவு நேரம்?"

"கழுத. மூஞ்சியில மூக்கு ஈக்கிதுல்ல?"

நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்க்க முடியாது. தேவைப்பட்டால் நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிடலாம் என்று கிதாபுகளில் இருக்கிறது என்றேன். "கிதாபுல ஈக்கும். இந்த வீட்டுல கிடையாது" என்று முடித்துவிட்டார். இந்த வீட்டில் எல்லாம் மூக்குதான். கஞ்சியின் ஆவியை முகர்ந்தே உப்பு சொல்வார்கள். உப்புக்கு வாசனை கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒனக்குக் கிடையாது" என்றார் உம்மா.

போன வார சளிக்காய்ச்சல் முழுக்க விட்டுவிட்டது. மூக்கடைப்புகூட இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அது ஒன்றுதான் இன்றைய நல்ல செய்தி.

மார்ச் 3, திங்கள்

உப்பு குறைவாம். காரம் அதிகமாம். இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்துவிட்டுப் பெரியம்மா சொன்னார்.

மார்ச் 5, புதன்

இந்த ஊரில் ஒருவரும் நேர்மையாக வியாபாரம் செய்வதில்லை. காப்பித்தூளில் எதைக் கலக்கிறார்கள் என்று தெரியவில்லை. விடியுமுன் சஹரில் குடித்தது சூடான கசப்புத் தண்ணீர். புதினாவை வாயில் போட்டால் குளிர்கிறது, அவ்வளவுதான், வேறொன்றும் இல்லை. மல்லித்தழை வெறும் புல். ரம்பை இலை காய்ந்த வைக்கோல் மாதிரி. உரம் போட்டு வளர்த்தால் இப்படித்தான். ஏலக்காய் வாங்கிய கடையை இனி மிதிக்கப் போவதில்லை.

ஒன்றிலும் ருசி இல்லாததால் மிளகாயைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டேன். குறைந்தபட்சம் அதுவாவது வாயில் உறைக்கிறது.

பெரியம்மா கண்ணில் நீர் வர, "அடியே, இது கஞ்சியா, கண்ணுக்கு விடுற மருந்தா?" என்றார். உம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம்.

மார்ச் 7, வெள்ளி

ஊரிலுள்ள கடைக்காரர்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இன்று மத்தியானம் சம்பலுக்காக மாசிக் கருவாட்டு டப்பாவைத் திறந்தேன். எங்கள் வீட்டு மாசியைத் திறந்தால் முடுக்கில் மூன்று பூனை வந்து நிற்கும். இன்றும் வந்து நின்றன. எனக்கு மட்டும் ஒன்றுமே வரவில்லை. டப்பாவுக்குள் முகத்தை விட்டு மூச்சை இழுத்தேன். காற்று வந்தது. வெறும் காற்று. சோப்பு, மண்ணெண்ணெய், தலையணை உறை, என் சட்டைக் கக்கம் எல்லாவற்றையும் முகர்ந்தேன். உலகத்தைக் கழுவி வைத்தது போல இருந்தது.

நோன்பு திறந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு பேரீச்சம்பழத்தையும் கருப்பட்டியையும் மாற்றி மாற்றித் தின்று பார்த்தேன். இரண்டும் இனிப்பு. ஒன்று பிசுபிசுக்கிறது, ஒன்று நறநறக்கிறது. எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும் அப்படியே: இரண்டும் புளிப்பு, வேறு வித்தியாசம் இல்லை.

மார்ச் 8, சனி

படித்துப் பார்த்தேன். நாக்குக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, கறிச்சாறு மாதிரி ஒரு கொழுமை. காரமும் புதினாவின் குளிர்ச்சியும் சுவையே இல்லை, சுடுவதும் குளிர்வதும் போன்ற உணர்ச்சிகள். மற்றதெல்லாம், நாம் ஏலக்காய் ருசி, காப்பி ருசி, ஆட்டுக்கறி ருசி என்று சொல்வதெல்லாம், மெல்லும்போது தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிற வாசனைதான். இத்தனை காலம் நாக்கு வாங்கிய பேரெல்லாம் மூக்கு உழைத்தது. அறுசுவை என்று எவ்வளவு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

சளிக்காய்ச்சலுக்குப் பிறகு இப்படி ஆவது உண்டாம். சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம், சிலருக்கு வராமலே போய்விடுமாம். திரும்பி வரும்போது முதலில் தப்பாக வருமாம். நல்ல வாசனையெல்லாம் நாற்றமாகத் தெரியுமாம். நல்ல ஏற்பாடு.

உம்மாவிடம் சொல்லப் போவதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "மூக்கில்லாத புள்ளையை எப்படித் தனியா அனுப்புறது?" நூலகத்துக்கு மூக்கு எதற்கு? பழைய புத்தகத் தூசியில் தும்மாமல் இருந்தால் நல்லதுதானே?

மார்ச் 9, ஞாயிறு

வெந்தயம் கருகிவிட்டது. கூடத்திலிருந்து உம்மா, "முனீரா! வெந்தயம்!" என்று கத்தியபோதுதான் பார்த்தேன். கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிந்தது. கசப்பாக இருக்குமோ என்று பயந்தேன். பெரியம்மா குடித்துவிட்டு, "புளி கொஞ்சம் போட்டா நல்லா ஈக்கும்" என்றார். நோன்புக் கஞ்சியில் யார் புளி போடுவார்கள்?

அலமாரியிலுள்ள சமையல் புத்தகங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். பச்சை வாசனை போகும்வரை வதக்கவும். மணம் வரும்வரை வறுக்கவும். வாசனை வந்ததும் இறக்கவும். எல்லாரும் மூக்கையே கடிகாரமாக வைத்து எழுதியிருக்கிறார்கள். ஒருவராவது, ஒரே ஒருவராவது, நிமிடம் என்று எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மார்ச் 11, செவ்வாய்

பெரியம்மா நேற்று: "உப்பு குறைவு." இன்று: "உப்பு கூட." இரண்டு நாளும் அதே கரண்டி, அதே தலைதட்டிய அளவு.

மார்ச் 13, வியாழன்

கண்ணையும் காதையும் வைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொண்டு வருகிறேன். இஞ்சி பச்சையாக இருக்கும்போது எண்ணெயில் சளசளவென்று ஈரச் சத்தம். வதங்கியதும் சத்தம் அடங்கி, ஓரத்தில் எண்ணெய் விலகி நிற்கும். வெங்காயத்துக்கு நிறம். சோற்றுக்குக் குமிழி. அடிப்பிடிப்பதற்கு மட்டும் இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அதனால் கிளறிக்கொண்டே இருக்கிறேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கிறது.

மஃரிபுக்கு முன்னால் உம்மா இடது கையாலேயே சாம்பிராணிச் சட்டியை மூட்டிக் கூடத்தில் வைத்தார். வியாழன் சூரியன் மறைந்தால் எங்களுக்கு வெள்ளி இரவு, அன்றைக்கு இது வழக்கம். தேங்காய் நார் புகைந்தது.

"மவளே, சாம்பிராணி போதுமா பாரு. இன்னும் ஒரு துண்டு போடவா?"

"போதும்மா. வீடு பூரா மணக்குது."

உம்மா சட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "சரி" என்றார்.

சாம்பிராணி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும் என்று காலையில் அவரே சொன்னதாக ஞாபகம். எங்கேயாவது ஒரு துண்டு பத்திரப்படுத்தியிருப்பார். உம்மாக்களிடம் எல்லாமே ஒரு துண்டு பத்திரமாக இருக்கும்.

மார்ச் 15, சனி

உம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நேற்றிலிருந்து கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்படியை நடத்துகிறார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஓர் அறை இருக்கிறது. அதைத் தாண்டி அவர் குரல் வந்துகொண்டே இருக்கிறது.

"இஞ்சி இன்னும் பச்சையா ஈக்கிது, தண்ணி ஊத்திராதே!"

"இப்பப் போயிடுச்சு. ஊத்து!"

"பாசிப்பருப்பு வறுத்தது போதும், எறக்கு!"

"பால் பொங்கப் போவுது!"

நோன்பு வைத்த மனுஷிக்கு இவ்வளவு தொண்டை எங்கிருந்து வருகிறது? இருபத்துநாலு வயதுப் பெண் நான். கல்வெட்டு வாசிப்பேன். அரபு எழுத்தில் எழுதிய தமிழை அச்சுப்பிழையோடு சேர்த்து வாசிப்பேன். பாசிப்பருப்பை எப்போது இறக்குவது என்று கூடத்திலிருந்து கூவிச் சொல்ல வேண்டுமா?

"தெரியும்மா!" என்று கத்தினேன்.

"தெரியும்னா எறக்கேன்!"

இறக்கினேன். கஞ்சி நன்றாக வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு மாமி சொல்லிவிட்டிருந்தார். பெரியம்மா, "காரம் பரவால்ல" என்றார். அவர் அகராதியில் அதுவே பெரிய பட்டம்.

மார்ச் 17, திங்கள்

எனக்கு மாதாமாதம் வருகிற தொழுகையில்லாத நாட்கள் தொடங்கிவிட்டன. அதாவது நோன்பும் இல்லை. இந்த வீட்டில் அதற்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் யாரிடமும் சொல்ல மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களில் இருக்கிறவள் கஞ்சி கொதிக்கும்போது அடுப்புப் பக்கம் வந்து, அகப்பையில் கொஞ்சம் எடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு ருசி பார்ப்பாள். "உப்பு சரி" என்பாள். "வாசத்துலேயே தெரிஞ்சுதாக்கும்" என்று மற்றவர்கள் சிரிக்காமல் சொல்வார்கள். ராத்தாவும் நானும் சின்ன வயதில் இதை வைத்து எவ்வளவு சிரித்திருக்கிறோம்.

இந்த ஒரு வாரம் வீட்டுக்கு நாக்கு நான்தான். மாதத்திலேயே ருசி பார்க்க அனுமதியுள்ள ஒரே வாரத்தில் எனக்கு ருசியே இல்லை. உப்பு மட்டும் சொல்ல முடியும். அதை ஒழுங்காகச் சொன்னேன்.

பெரியம்மா ஒரு மிடறு குடித்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னைக்குத்தான்டி கஞ்சி." என் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு குலுங்கிச் சிரித்தார்.

மார்ச் 20, வியாழன்

வாப்பா பேசினார். "எப்படிப் போவுது பரீட்சை?" உம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, "முடியட்டும், சொல்றோம்" என்றார். எனக்கு ஆதரவாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் போவது உம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ராத்தா கடல் தாண்டிப் போனாள், இப்போது நானும். உம்மாவுக்கு என்ன மிச்சம்? இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு

மறுபடி நோன்பு தொடங்கிவிட்டேன். இன்று அழுகை வருகிற அளவுக்குக் கோபம்.

மத்தியானமே மின்சாரம் போய்விடும் என்றதால் காலையிலேயே தேங்காய் திருகி, பால் பிழிந்து வைத்தேன். அடுப்படி மேடையிலேயே மூடி வைத்திருந்தேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெரியம்மா வந்தார். மூடியைத் திறந்து, கிண்ணத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோய், கண்ணை மூடி நீளமாக முகர்ந்தார். "நல்ல கெட்டிப் பாலு. கைப்பக்குவம் வந்துடுச்சு ஒனக்கு" என்றார். என் கைக்கு மாதத்தின் முதல் பாராட்டு. நான் நின்ற இடத்தில் ஒரு அங்குலம் வளர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து உம்மா உள்ளே வந்தார். மாவுக்கட்டுக் கையை வீசிக்கொண்டு மேடைப் பக்கம் திரும்பினார். கிண்ணம் கவிழ்ந்தது. பால் முழுக்கத் தரையில்.

"அடடா, கை பட்டுருச்சே!"

அந்தக் கை மூன்று வாரமாக ஒரு டம்ளரைக்கூடத் தொட்டதில்லை!

"ராத்தா, ஒங்க வீட்டுத் தேங்காய் ஒண்ணு எடுத்துட்டு வாங்கோ" என்று பெரியம்மாவை அனுப்பிவிட்டு, தரையைத் துடைத்த துணியை உம்மாவே முடுக்குக்குக் கொண்டுபோய் அலசினார். ஒரு கையால். என்னைத் தொட விடவில்லை. நான் மறுபடி உட்கார்ந்து தேங்காய் திருகினேன்.

வேண்டுமென்றே செய்தார் என்றுதான் தோன்றுகிறது. பெரியம்மா என்னைப் பாராட்டுவது பொறுக்கவில்லை. இதை எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் தோன்றுகிறது.

மார்ச் 25, செவ்வாய்

பெண்கள் கூடித் தொழுகிற தைக்காவிலிருந்து சொல்லிவிட்டார்கள். இருபத்தேழாம் இரவு கஞ்சி எங்கள் வீட்டு முறை. பெண்கள் தைக்காவில் அன்று ஊரே இருக்கும். பெரிய அண்டா, விறகடுப்பு, பின்கட்டில் ஆக்க வேண்டும். பெரியம்மா கூடவே இருந்து பார்ப்பாராம். "அதுதான்டி கடைசிக் கேள்வி" என்றார்.

மார்ச் 27, வியாழன்

எல்லாம் முடிந்தது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

லுஹர் தொழுதுவிட்டு அடுப்பு மூட்டினோம். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உம்மா பின்கட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வழக்கம்போல் ஒவ்வொன்றுக்கும் கத்தினார். நானும் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். அரிசி வெந்து, தேங்காய்ப் பால் ஊற்றி, துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தேன். அஸர் பாங்கு சொன்னார்கள். உம்மா தொழ உள்ளே போனார்.

பெரியம்மா அண்டாவுக்குப் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "துடுப்பைக் குடு, கொஞ்சம் ஒக்காரு" என்றார். நான் சுவரில் சாய்ந்தேன். அவர் இரண்டு சுற்று கிளறிவிட்டு நிறுத்தினார். ஆவிக்கு மேலே குனிந்து, கண்ணை மூடி முகர்ந்தார்.

"வாசமே சொல்லுதுடி. உப்பு சரி. கொதிக்கட்டும், கிளறாதே, குழைஞ்சுடும்."

சரி என்று விறகை ஒன்று தள்ளினேன்.

உள்ளே டொக் டொக் என்று ஏதோ சத்தம். நிற்காமல். டொக் டொக் டொக்.

"எங்கேயோ ஆணி அடிக்கிறாங்க. நோன்பு நேரத்துல ஒரு அறிவு வேணாம்?" என்றார் பெரியம்மா.

கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் நின்றது. அடுத்த நொடி உம்மா தொழுகை உடுப்போடு ஓடிவந்தார். விழுந்தால் மற்ற கையும் போய்விடும் என்று நினைக்கிற அளவுக்கு ஓட்டம்.

"அடிப்பிடிக்குது! விறகை இழு! இழு முனீரா!"

இழுத்தேன். "கிளறாதே! அடியைத் தொடாதே! மேலாக மோந்து அந்தக் குத்துப்போணியில ஊத்து." மோந்து மோந்து ஊற்றினோம். அண்டாவின் அடியில் ஒரு சாண் அகலத்துக்குக் கறுப்பு.

எனக்குத் தெரியாதது சரி. ஆனால் அண்டாவுக்கு மேல் மூக்கை வைத்திருந்த பெரியம்மாவுக்கு? அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, அத்தர்க் கறை படிந்த துப்பட்டியின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

தைக்காவில் நோன்பு திறந்ததும் முன்வரிசையில் ஒரு மாமி கோப்பையை இறக்கி, "கருகல் வாசம் அடிக்குதே" என்றார். பெரியம்மா எழுந்து நின்றார்.

"விறகுல ஆக்குன கஞ்சி. புகை வாசம் ஈக்கத்தான் செய்யும். கேஸ் அடுப்புக் கஞ்சியாக் குடிச்சுக் குடிச்சு ஒங்களுக்கெல்லாம் மூக்கு செத்துப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த மாமி இன்னொரு கோப்பை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். உப்பு. காரம். புளி. கெட்டி. இந்த மாதம் முழுக்கப் பெரியம்மா சொன்ன தீர்ப்புகளில் முகர்ந்து சொன்னது இரண்டே முறை: உம்மா கவிழ்த்த தேங்காய்ப் பால், இன்றைய அண்டா. இரண்டு முறையும் தப்பு.

மார்ச் 28, வெள்ளி

காலையில் உம்மாவுக்குத் தலை வாரிவிடும்போது கேட்டேன். முகத்தைப் பார்க்காமல் கேட்க அதுதான் வசதி.

"பெரியம்மாவுக்கு வாசனை தெரியாது, இல்லையா?"

"தெரியாது."

"எப்ப இருந்து?"

"ஒங்க பெரியப்பா மௌத்தானப்ப ஒரு காய்ச்சல் வந்துச்சே, அப்ப இருந்து. அவ சொல்லல. நானும் கேக்கல."

"அவங்களையா எனக்குப் பரீட்சை வைக்க வச்சீங்க?"

"நானா வச்சேன்? ஒங்க வாப்பா வச்சாங்க."

சீப்பைப் போட்டுவிட்டு எழுந்துவிடலாமா என்று வந்தது. ஒரு மாதம்! மூக்கில்லாத ஒருவர் என் கஞ்சிக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார். இதை வாப்பாவிடம் ஒரு வரி சொன்னால் போதும், பரீட்சையே செல்லாது. இப்படியெல்லாம் கோபமாக யோசித்துக்கொண்டிருந்தபோது உம்மா அமைதியாகக் கேட்டார்:

"ஒனக்கு எப்ப இருந்து?"

நான் வகிடு எடுத்த இடத்திலேயே மறுபடி வகிடு எடுத்தேன்.

"அன்னைக்குச் சட்டியில சாம்பிராணியே போடல மவளே. வெறும் நாரு. கண்ணு எரியிற புகை. நீ மணக்குதுன்னே."

சீப்பில் சிக்கிய முடியை எடுத்துச் சுருட்டினேன்.

"நோன்பு வச்சிக்கிட்டுத் தொண்டை கிழியக் கத்துறதுக்கு எனக்கு ஆசையா? அந்தத் தேங்காய்ப்பாலு நாத்தம் தாங்க முடியல. நேத்து தொழுகையில நிக்கிறேன், கருகல் வருது. பேச முடியுமா? பொம்பளைங்க தொழுகையில கையத் தட்டி எச்சரிக்கணும்னு சின்னதுலேயே ஓதிக்குடுத்தாங்கள்ல? ஒரு கையி கட்டுல ஈக்கிது. கட்டாலேயே கட்டில் காலைத் தட்டுறேன், தட்டுறேன். ஒருத்தியாவது வரணுமே! ஆணி அடிக்கிறாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது, வேறு என்னவெல்லாமோ வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மாசி டப்பா, படித்தது, திரும்பி வரும்போது நல்ல வாசனையும் நாற்றமாக வரும் என்பது எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"ராத்தாவுக்கும் மூக்கில்லதான். தனி வீட்டுலதான் ஈக்கிறா. நான் ஒரு நாளைக்கு நாலு தரம் முடுக்கு வழியாப் போயி அடுப்பைப் பாத்துட்டு வர்றேன். சும்மா பேச வந்தேன்னு நெனைக்கிறா. மெட்ராஸ்ல ஒனக்கு முடுக்கு ஏது? கேஸ் கசிஞ்சா யாரு சொல்லுவா?"

கொண்டையை முடிந்துவிட்டேன்.

"வாப்பாகிட்ட சொல்லப் போறீங்களா?"

"யோசிக்கிறேன்" என்றார்.

மார்ச் 29, சனி

இன்னும் யோசிக்கிறார். என் உயிர் போகிறது.

மார்ச் 30, ஞாயிறு

பிறை தெரிந்துவிட்டது. நாளை பெருநாள். தெருவில் தக்பீர் சத்தம். வாப்பா போன் செய்தார். கூடத்தில் மூன்று பேரும் ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்தோம்.

"சொல்லுங்கோ மைனி. புள்ளை தேறிட்டாளா?"

பெரியம்மா தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. பெரியம்மாவுக்கு மூக்கில்லை என்று சொல்லிவிடலாம். இரண்டே சொல். அவர் கண்ணில் அந்தப் பயம் இருந்தது. இத்தனை நாளும் அதை அதட்டல் என்று நினைத்திருந்தேன். பாயின் கோரையை எண்ண ஆரம்பித்தேன்.

"உப்புக் கை சரியா வந்துடுச்சு" என்றார் பெரியம்மா. "அனுப்புங்கோ."

"நீ என்ன சொல்றே ஜெய்த்தூன்?"

உம்மா மாவுக்கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் என் சென்னை முழுக்க, நூலகம், அறை, ஜன்னல் எல்லாம், ஒருமுறை இடிந்து விழுந்தது.

"போகட்டும். ஆனா கேஸ் அடுப்பு வேணாம். கரண்ட் அடுப்பு வாங்கிக் குடுங்கோ."

"ஏன்?"

"மெட்ராஸ்ல கேஸ் கனெக்‌ஷன் கெடைக்க மாசக்கணக்கா ஆவுமாம்" என்றார் உம்மா. இருபத்தொன்பது நோன்பும் பிடித்த வாயால், கண் இமைக்காமல்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். தைக்காவில் தொழுதுவிட்டு வந்தோம். பெரியம்மா முடுக்கு வழியாக வட்டலப்பம், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த இனிப்பு, கொண்டுவந்தார். அவரே செய்தது. யாரையும் அடுப்புப் பக்கம் வர விடவில்லையாம். எனக்கு ஒரு கிண்ணத்தில் போட்டுக் கையில் கொடுத்து எதிரிலேயே உட்கார்ந்தார்.

கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனேன். டயர் எரிகிற மாதிரி, அழுகிய வெங்காயம் மாதிரி, ஏதோ ஒன்று முகத்தில் அடித்தது. குமட்டியது. கரண்டியைக் கீழே போட்டேன்.

"ஐயோ, நாறுது!"

உம்மா திரும்பினார். "என்ன சொன்னே?"

"நாறுதும்மா! ரப்பர் எரியிற நாத்தம்! தாங்க முடியல!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் உம்மா. கண் நிறைந்துவிட்டது. "நாறுதா? நல்லா நாறுதா? அல்ஹம்துலில்லாஹ்!"

பெரியம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த முகம் மெல்லச் சுருங்கியது. கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக் குனிந்து முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். பிறகு என்னிடம், உம்மாவுக்குக் கேட்கக் கூடாது என்பது போல:

"நெசமாவே நாறுதா முனீரா? எனக்கு... தெரிய மாட்டேங்குது."

உம்மா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். "மணமா ஈக்கிது ராத்தா. ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்."

"அப்ப இவ ஏன்..."

"எனக்கு இப்பத்தான் திரும்பி வருது பெரியம்மா. தப்புத் தப்பா வருது. ஒரு மாசமா எனக்கும் ஒண்ணும் தெரியல."

"ஒரு மாசமாவா?"

"முதல் நோன்புல இருந்தே."

பெரியம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்ப இருபத்தேழாம் கஞ்சியை நீயும் நானுமா நின்னு..." என்று ஆரம்பித்தவர் முடிக்க முடியாமல் துப்பட்டியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். "ஆண்டவனே, ஊருக்கே குடுத்தோமேடி!" உம்மா மாவுக்கட்டால் கட்டில் காலைத் தட்டிக் காண்பித்தார், டொக் டொக் என்று. அதற்குப் பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை.

காப்பியும் நாறுகிறது. சோப்பும் நாறுகிறது. பிரியாணி இருக்கிற திசைக்கே போக முடியவில்லை. ஒரு மாதம் ஒன்றுமில்லாமல் தவித்தவளுக்குப் பெருநாள் பரிசாக டயர். எத்தனை மாதம் இப்படி நாறப்போகிறதோ, சென்னைக்கு இந்த மூக்கோடுதான் போக வேண்டும்.

பெரியம்மா காத்துக்கொண்டிருந்தார். இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வட்டலப்பம் முழுவதையும் தின்று முடித்தேன். நாக்குக்குத் தெரிந்ததை மட்டும் கவனமாகப் பார்த்தேன்.

"எப்படி?" என்றார்.

"இனிப்பு சரி. பதம் சரி" என்றேன். "உப்புதான் ஒரு சிட்டிகை குறைவு, பெரியம்மா."